இசை வராத பத்து நிமிடங்கள்: திறந்த உலக விளையாட்டுகளில் சூழலிசை

கணினி விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் சத்தம்தான். துப்பாக்கி வெடிக்கும் ஓசை, வாகனம் மோதும் ஓசை, இடைவிடாமல் அடிக்கும் மேளம். "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறை மகன்" என்று குசினியிலிருந்து உம்மாவின் குரல் கேட்காத வீடுகள் குறைவு. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் அதிகம் விளையாடப்பட்ட விளையாட்டுகள் சிலவற்றைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கவனித்தால் வேறொன்று தெரியவரும். திரையில் ஓர் உருவம் பெரிய வெளியொன்றில் நடந்துகொண்டிருக்கும். பல நிமிடங்களுக்கு இசையே இராது. காற்று, புல்லின் அசைவு, காலடி, அவ்வளவுதான். பிறகு எங்கிருந்தோ பியானோவில் நான்கைந்து சுரங்கள் வரும். வந்ததுபோலவே போய்விடும். மறுபடியும் காற்று.

இதைச் சும்மா விட்ட இடைவெளி என்று நினைத்துவிடக் கூடாது. எங்கே இசை வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று யோசித்து அமைத்த ஏற்பாடு இது. ஏன் இப்படி அமைத்தார்கள், இதனால் என்ன நடக்கிறது என்பதை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியத்தையும் கலைகளையும் பற்றிக் கதைக்கும் ஓர் ஏட்டில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் மணிக்கணக்காக வாழ்ந்துவிட்டு வருகின்ற ஓர் இடத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பது நல்லதல்ல என்பதே என் பதில்.

நேரம் யாருடைய கையில்?

திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. எந்த வினாடியில் கதவு திறக்கும், எந்த வினாடியில் கதாநாயகி திரும்பிப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தெரியும். படம் எத்தனை முறை ஓடினாலும் அந்த வினாடி மாறாது. ஆகவே அந்த வினாடிக்கென்றே ஒரு வயலினை அவர் எழுதி வைக்கலாம்.

விளையாட்டில் அது முடியாது. நேரம் விளையாடுபவரின் கைக்குப் போய்விடுகிறது. ஒருவர் மலையுச்சிக்கு ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுவார். இன்னொருவர் வழியில் ஆற்றைப் பார்த்துவிட்டு அரை மணித்தியாலம் அங்கேயே நின்றுவிடுவார். இருவருக்கும் பொருந்துகின்ற இசை வேண்டும்.

தொடக்கத்தில் இதற்குக் கண்ட தீர்வு எளியது. 1978இல் ஜப்பானில் தோமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஆட்டம் நெருக்கடியாக ஆக அந்த நான்கு சுரங்களும் வேகமாகும். விளையாடுபவரின் நெஞ்சு படபடக்கும். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு கோஜி கொண்டோ துள்ளலான மெட்டொன்றைப் போட்டார். அதுவும் முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். 1991இல் 'மங்கி ஐலண்ட் 2' என்ற விளையாட்டுக்காக மைக்கல் லேண்டும் பீற்றர் மெக்கொன்னலும் 'ஐமியூஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். நாம் ஒரு குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்குள் நுழைந்தால் இசை அறுந்துபோகாது. ஓடிக்கொண்டிருக்கும் மெட்டே பொருத்தமான இடம் பார்த்து வேறு வாத்தியத்துக்கு வளைந்து போகும்.

இவையெல்லாம் சிறிய உலகங்கள். திறந்த உலக விளையாட்டு என்பது வேறு. அதில் 'முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம்' என்ற ஒற்றைப் பாதை கிடையாது. காடு, மலை, ஊர், கடல் எல்லாம் ஒரே பெரும் நிலப்பரப்பாக விரிந்திருக்கும். எந்தப் பக்கம் போவது, எப்போது போவது என்பதெல்லாம் விளையாடுபவரின் விருப்பம். ஐம்பது, அறுபது மணித்தியாலங்கள் அதற்குள் கழிவது சாதாரணம். இரண்டு நிமிட மெட்டொன்று அறுபது மணித்தியாலம் விடாமல் ஓடினால் 1,800 தடவை கேட்க வேண்டிவரும். எவ்வளவு இனிய மெட்டாக இருந்தாலும் தலையிடிதான் மிஞ்சும்.

கவனிக்காமலும் கேட்கக்கூடிய இசை

இந்தச் சிக்கலுக்கான விடை, விளையாட்டுகள் பிறப்பதற்கு முன்பே வேறொரு துறையில் தயாராக இருந்தது. பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் எரிக் சற்றி 1917இல் 'தளபாட இசை' என்றொரு எண்ணத்தை முன்வைத்தார். கதிரை மேசை போல இசையும் அறையில் சும்மா இருக்கட்டும் என்பது அதன் கருத்து. 1920இல் பாரிசில் அதை வாசித்துக் காட்டியபோது, வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கத் தொடங்கினார்கள். சற்றி எழுந்து, கேட்க வேண்டாம், கதையுங்கள், நடமாடுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் பிரையன் ஈனோ அந்த எண்ணத்தை வேறொரு வழியாக வந்தடைந்தார். 1975இல் ஒரு விபத்துக்குப் பின்னர் அவர் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி யாழிசைத் தட்டொன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். தட்டைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. எழுந்து கூட்டுவதற்கு உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்குள் யாழின் உரத்த சுரங்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டன. இசையும் அறையின் வெளிச்சம்போல, மழைபோல, சூழலில் ஒரு பகுதியாக இருக்கலாமே என்று அவருக்கு அப்போது தோன்றியது. 1978இல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்ற இசைத்தட்டை வெளியிட்டு, இவ்வகை இசைக்கு 'அம்பியன்ட்' என்று பெயரும் சூட்டினார். நாம் சூழலிசை என்று சொல்லலாம். கவனித்தால் சுவை இருக்க வேண்டும், கவனிக்காவிட்டால் உறுத்தக் கூடாது என்பதே அதற்கு அவர் வகுத்த இலக்கணம்.

திறந்த உலக விளையாட்டுகளுக்கு வேண்டியிருந்ததும் இதுதான்.

மைன்கிராஃப்ட்: ஒரு பகலுக்கு ஒரு மெட்டு

மைன்கிராஃப்டை அறியாத பிள்ளை இன்று அரிது. சுவீடனில் மார்குஸ் பெர்சொன் தொடங்கிய இந்த விளையாட்டு 2009இல் மக்கள் கைக்கு வந்தது, 2011இல் முழுமை பெற்றது. 2023 அளவில் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்பனையானது. எல்லாமே கனசதுரக் கட்டிகள். மண்ணை வெட்டலாம், மரம் தறிக்கலாம், வீடு கட்டலாம்.

அதன் தொடக்ககால இசையை அமைத்தவர் 'சி418' என்ற புனைபெயரில் அறியப்படும் டேனியல் ரோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய இளைஞர். பெரும்பாலும் பியானோவும் மென்மையான இலத்திரனியல் ஒலிகளும்தான். கவனிக்க வேண்டியது, அந்த இசை எப்போது வருகிறது என்பது. கணினிப் பதிப்பின் வழமையான அமைப்பில், ஒரு மெட்டு முடிந்து அடுத்த மெட்டு வருவதற்குப் பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை இடைவெளி. எத்தனை நிமிடம், எந்த மெட்டு என்பதை விளையாட்டு எழுமாறாகத் தெரிவு செய்யும். அந்த உலகில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தே இருபது நிமிடம்தான். ஆகவே ஒரு நாள் முழுக்க ஒரேயொரு மெட்டோடு கழிந்துவிடலாம்.

இசைக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது என்பது இன்னொரு விசேஷம். பின்னால் ஆபத்து நெருங்கிக்கொண்டிருக்கும்போதும் அமைதியான பியானோ வரலாம். நாம் கட்டிய வீட்டின் கடைசிக் கட்டியை வைக்கும்போதும் அதே பியானோ வரலாம். இது பிழைபோலத் தெரிந்தாலும் பலன் எதிர்மாறானது. 'வெற்றி!' என்று இசை நமக்குச் சொல்லித் தருவதில்லை. தற்செயலாக வந்த மெட்டை நாமே அந்த வேலையோடு முடிந்துகொள்கிறோம். பத்து வருடம் கழித்து அந்த மெட்டைக் கேட்கும் இளைஞனுக்குத் தான் கட்டிய வீடு நினைவுக்கு வருகிறது. இன்னொருவனுக்கு அதே மெட்டு, வழிதவறி நின்ற ஓர் இரவை நினைவூட்டும். இசையமைப்பாளர் ஒருவர்தான், ஞாபகங்கள் வேறுவேறு.

செல்டா: சிதைந்த நாட்டின் சிதறிய சுரங்கள்

2017இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'த லெஜண்ட் ஒஃப் செல்டா: ப்ரெத் ஒஃப் த வைல்ட்' விளையாட்டில் மௌனம் வேறொரு வேலை செய்கிறது. மனாகா கத்தோகா, யசுவாகி இவாத்தா, ஹஜிமே வக்காய் ஆகியோர் இதன் இசையில் பணியாற்றினார்கள். 1986இல் தொடங்கிய செல்டா வரிசை, கோஜி கொண்டோவின் கம்பீரமான வீர மெட்டுக்குப் பெயர்போனது. அந்த மெட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இம்முறை வெளியில் கிடைத்தது காற்றும் பியானோவின் உதிரிச் சுரங்களும்தான்.

கதையைப் பார்த்தால் காரணம் விளங்கும். நாயகன் நூறு ஆண்டுத் தூக்கத்திலிருந்து விழிக்கிறான். அவன் அறிந்த நாடு அழிந்துவிட்டது. கோட்டைகள் இடிந்து புல் மூடிக் கிடக்கின்றன. நாடு துண்டுதுண்டாகக் கிடக்கும்போது மெட்டும் துண்டுதுண்டாகத்தானே கிடக்க வேண்டும்? ஆனால் இரவில் குதிரையேறி நெடுநேரம் போனால், சிதறிய பியானோச் சுரங்களுக்குள்ளிருந்து அந்தப் பழைய வீர மெட்டு மிக மெதுவாகத் தலைதூக்கும். கவனமில்லாதவர் அதைத் தவறவிடுவார். கவனித்தவருக்குத் தொலைந்துபோன ஒன்று கிடைத்தது போலிருக்கும்.

ஊர்களுக்குள் நுழைந்தால் முழு மெட்டு உண்டு. பகலுக்கொரு விதம், இரவுக்கொரு விதம். வெளியில் வெகுநேரம் மௌனத்தில் நடந்துவிட்டு வருபவருக்கு அந்த மெட்டே 'மனிதர் இருக்கிறார்கள், இனிப் பயமில்லை' என்று சொல்லிவிடும். காஸ் என்ற பறவை மனிதன் அக்கோர்டியன் வாசித்தபடி மலைமுகடுகளில் நிற்பான். அவன் கண்ணுக்குத் தெரியும் முன்பே வாசிப்பு தொலைவிலிருந்து காதில் விழும். எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற இடங்களில் இசை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் இது நடக்காது.

அந்த மௌனம் பயத்துக்கும் உதவுகிறது. பாழ்வெளியில் கிடக்கும் பழைய இயந்திரக் காவலன் ஒன்று நம்மைக் குறிவைத்ததும் பியானோ சட்டென்று வேகமெடுத்து அடிக்கத் தொடங்கும். என் தரம் 10 மாணவன் ஒருவன் இதைப் பற்றி ஒருநாள் சொன்னான்: "சேர், அந்தச் சத்தம் வரக்குள்ள பயமில்ல. அதுக்கு முன்னால ஒண்டுமே இல்லாம இருக்கே, அதுதான் பயம்." அலங்காரம் எதுவுமில்லாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டான்.

ரெட் டெட்: அடுக்கி வைத்த இசை

மூன்றாவது வழி அடுக்குமுறை. 2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' 1911ஆம் ஆண்டின் அமெரிக்க எல்லைப்புறத்தில் நடக்கும் குதிரைவீரர் கதை. இசையமைப்பாளர்கள் பில் எல்மும் வூடி ஜாக்சனும் பெரும்பாலான இசையை ஒரே சுருதியிலும் நிமிடத்துக்கு 130 தட்டு என்ற ஒரே வேகத்திலும் பதிவு செய்தார்கள். பாஸ் கிற்றார் தனியாக, எக்காளம் தனியாக, தாளம் தனியாக. எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் எதை எதோடு சேர்த்தாலும் பொருந்தும். சும்மா நடந்தால் ஓர் அடுக்கு. குதிரையேறினால் இன்னோர் அடுக்கு. துரத்தத் தொடங்கினால் தாளம் கூடும். வீட்டில் பாய்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, வேண்டாதபோது உருவி எடுப்பது போன்ற ஏற்பாடு.

அப்படிப் பல மணித்தியாலம் ஓடிய பிறகு, நாயகன் ஆற்றைக் கடந்து முதன்முறையாக மெக்சிக்கோ மண்ணில் குதிரையேறிப் போகும்போது ஹொசே கொன்சாலஸ் பாடிய ஒரு பாட்டு ஒலிக்கிறது. அதுவரை மனிதக் குரலில் பாட்டில்லாமல் பயணம் செய்தவர்களுக்கு அந்த இடம் மறப்பதில்லை. விளையாடியவர்களிடம் கேட்டால் சண்டைகளை விட்டுவிட்டு இந்தக் குதிரைப் பயணத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

இசையை நிறுத்திப் பார்த்தால்

மார்க்க ரீதியாக இசையைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இசையின் சட்டநிலை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. ஆனால் ஒரு நடைமுறைச் செய்தி பயன்படும். பல விளையாட்டுகளில் இசைக்கு ஓர் அளவுப் பட்டையும் மற்ற ஓசைகளுக்கு வேறு பட்டைகளும் அமைப்புகளில் தனித்தனியே இருக்கின்றன. மைன்கிராஃப்டிலும் 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டிலும் அப்படித்தான். இசையை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் காற்றையும் மழையையும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படிச் செய்தால் ஒவ்வொரு விளையாட்டிலும் இசை செய்த வேலை என்னவென்பதும் தெரிந்துவிடும். ஸ்கைரிமில் பகைவன் நம்மைக் கண்டுவிட்டால் சண்டை இசை எழும். கண்ணுக்கு ஒன்றும் தென்படாவிட்டாலும் 'யாரோ பார்த்துவிட்டார்கள்' என்று காது சொல்லும். அதை நிறுத்தினால் ஒரு தகவலை இழக்கிறோம். மைன்கிராஃப்டில் இசை எந்தத் தகவலும் தருவதில்லை. நிறுத்தினாலும் விளையாட்டில் குறையில்லை. குகைக்குள் அந்துகளின் உறுமல் கேட்கும், தண்ணீர் ஓடும் திசை தெரியும். இழப்பது அந்த மனநிலையை மட்டும்தான். ஆகவே விளையாட்டிசை என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கதைக்க முடியாது. தகவல் சொல்லும் இசை வேறு, இடத்தைச் சொல்லும் இசை வேறு, மனத்தைச் சொல்லும் இசை வேறு.

நிலமும் அதன் ஒலியும்

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். ஐந்திணைகளின் கருப்பொருள்களைச் சொல்லும்போது நம் இலக்கணகாரர்கள் மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையையும் ஒரு யாழையும் சேர்த்தார்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறை. ஒரு நிலத்துக்கு அதன் உணவும் விலங்கும் எப்படி உரியவையோ அப்படியே அதன் ஒலியும் உரியது என்பது அவர்கள் கணக்கு. நிலம், ஒலி, உணர்ச்சி மூன்றும் ஒரே கட்டில் வந்துவிடும்.

ஜப்பானிலும் சுவீடனிலும் இருந்தவர்கள் தொல்காப்பியம் படித்து இதைச் செய்யவில்லை. ஓர் உலகத்தை முழுதாக உருவாக்க முனைபவர் எவருக்கும் இந்தக் கேள்வி எழும் என்பதே இதில் தெரிகிறது. ஒரு வித்தியாசமும் உண்டு. கவிதையில் எந்தப் பறை எப்போது ஒலிக்கும் என்பதைப் புலவர் தீர்மானிக்கிறார். விளையாட்டில் அதில் பாதியை நடப்பவரின் கால் தீர்மானிக்கிறது. வகுப்பில் கருப்பொருளை விளக்கத் திணறிய நாட்களில் இந்த விளையாட்டுகளை உதாரணம் காட்டியிருக்கிறேன். "ஓ, அப்ப ஊருக்குள்ள போகக்குள்ள பாட்டு மாறுறது மாதிரியா சேர்?" என்று பின்வாங்கிலிருந்து கேள்வி வந்தால் பாடம் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

அமைதியின் மறுபக்கம்

இந்த இசையின் நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. ஒரு பாட்டுக்கு முடிவு உண்டு. முடிந்ததும் எழும்பலாம் என்று தோன்றும். சூழலிசைக்கு முடிவென்ற ஒன்று கிடையாது. தாளம் இல்லாததால் நேரம் போவதும் தெரியாது. வெடிச்சத்தம் நிறைந்த விளையாட்டு ஒரு மணித்தியாலத்தில் களைப்பைத் தரும். இது களைப்பைத் தராது. 'சத்தமில்லாமல்தானே விளையாடுறான்' என்று நாம் ஆறுதல்படும் விளையாட்டே பிள்ளையை அதிக நேரம் இருத்தி வைக்கக்கூடும். சத்தத்தை அளவுகோலாக வைத்துப் பிள்ளையின் நேரத்தை மதிப்பிடும் பழக்கத்தைப் பெற்றோர் மாற்றிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதே சரி.

அதேவேளை, ஒன்றும் நிகழாத பத்து நிமிடத்தைச் சலிக்காமல் கடக்கும் பழக்கம் இன்றைய பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் சில வினாடிக்கு ஒரு காணொளி தள்ளப்படும் காலம் இது. தூரத்து மலையைப் பார்த்தபடி, காற்றைக் கேட்டபடி, அடுத்த சுரம் வருமா வராதா என்று தெரியாமல் நடக்கும் பிள்ளை காத்திருக்கப் பழகுகிறான்.

2025இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் ரோசன்ஃபெல்டின் 'மைன்கிராஃப்ட் – வொல்யூம் அல்ஃபா' இசைத்தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் 95 கணினிக்காக பிரையன் ஈனோ அமைத்த சில வினாடி ஒலியும் அதே ஆண்டுப் பட்டியலில் உண்டு. சூழலிசைக்குப் பெயர் வைத்தவரும் அதைக் கோடிக்கணக்கான பிள்ளைகளிடம் கொண்டுபோனவரும் ஒரே பட்டியலில் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தொகுப்பில் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான இசை மட்டும்தான். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் பிள்ளை மண் வெட்டிக் கழித்த பதினைந்து நிமிடம் அதில் இல்லை. அந்த நேரத்தில் பொழுது பட்டது, மழை பெய்தது, பக்கத்து அறையில் வாப்பா இருமினார், இதெல்லாம் அதில் இல்லை. அந்த இசையின் பாதி அவைதான். அவற்றை எந்த நூலகத்தாலும் சேமிக்க முடியாது. விளையாடியவர்களிடம் கேட்டுத்தான் எழுதிவைக்க வேண்டும். நம் வீட்டிலேயே அப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் இருப்பார். "என்ன விளையாடுறாய்?" என்று கேட்காமல் "இப்ப என்ன கேக்குது?" என்று கேட்டுப் பாருங்கள்.